செல்லம்மாக்கா அழித்த வட்டம்

வெறும் வீட்டுக்குள் ஒரு முருகன் படம் ஒட்டியிருந்தது.

அதுவும் சரியான இடத்தில் இல்லை. பின் அறைச் சுவரில், என் முழங்காலுக்குச் சற்று மேலே. பதுளைக் கடை ஒன்றின் காலண்டரிலிருந்து கிழித்தெடுத்த படம். ஆணி அடிக்காமல் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார்கள். வீட்டில் வேறு ஒரு சாமானும் கிடையாது. ஜன்னலுக்கு அப்போதுதான் கண்ணாடி போட்டிருந்தார்கள். தரையெல்லாம் சிமெந்துத் தூள். ஆட்கள் குடிவருவதற்கு முன்னால் சாமி வந்து தரையோடு தரையாக நின்றுகொண்டிருந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். வாசலில் நின்ற பெண் பதறினார்.

“சாமி படம் மிஸ். தொடாதீங்க.”

“சாமிய யாருக்கா இவ்வளவு கீழ ஒட்டுவாங்க?”

“சின்னப் பிள்ளைங்க கும்புடட்டும்னுதான்.”

அவருடைய பிள்ளைகள் வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். முருகனிடம் மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படத்தின் ஓரத்தைத் தூக்கினேன். சுவர் நனைந்திருந்தது. விரல் பட்டதும் பூச்சு ஈர மாவாக உதிர்ந்தது. பச்சை மண்ணின் வாடை குப்பென்று வந்தது.

“நேத்து இங்க துணி அலசுனேன் மிஸ். அந்தத் தண்ணிதான்” என்றார் செல்லம்மாக்கா.

பூட்டுக்கூட வராத புதுவீட்டுக்குள் எதற்குத் துணி அலசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களைத் துருவிக் கேட்பது எனக்குப் பிடிக்காத காரியம். படத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சம்பளம் வாங்கிய மாமியார்

கட்டி முடித்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஓர் ஆளா, அதற்குச் சம்பளமா என்று ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். என் மாமியாரும் இதையேதான் கேட்டார்.

புதுவீட்டின் சாவியை உரியவர் கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒருவர் வீடு வீடாகப் போக வேண்டும். கதவு தரையில் உரசுகிறதா, கூரைத் தகட்டில் ஆணி விட்டுப் போயிருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வந்த தண்ணீர் வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். பிழையாகச் செய்த இடத்திலும் செய்யாமல் விட்ட இடத்திலும் நான் சிவப்பு சோக்குக் கட்டியால் ஒரு வட்டம் போடுவேன். மேசன்மார் அந்த வட்டத்தைப் பார்த்துத் திருத்துவார்கள். நான் திரும்பவும் போய்ப் பார்ப்பேன். என் கையெழுத்து விழுந்தால்தான் சாவி கைமாறும்.

சுருக்கமாகச் சொன்னால், அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்து குறை கண்டுபிடிக்கிற வேலை. என் மாமியார் சும்மா செய்ததை நான் சம்பளத்துக்குச் செய்தேன். தோட்டத்தில் எனக்கு ‘வட்டம் போடுற மிஸ்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

நான் சொன்ன அந்தப் புது வரிசை வீடுகள் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கின்றன. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே இந்த இதழை வாசிக்கிறவர்கள் உண்டு. மேல் டிவிசனில் மண் சரிந்து லயத்தின் ஒரு கோடியை மூடிவிட்டது. லயம் என்றால் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் அறைகளின் வரிசை, ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. நல்ல வேளையாகப் பகல் நேரம். எல்லாரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். உயிர் தப்பியது, காம்பராக்களும் அவற்றுக்குள் இருந்த சட்டிமுட்டிகளும் போயின.

மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடிய பிறகு, எங்கள் ஊவா மாகாணத்தில் மழை தொடங்கினால் மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் பழகியவர்கள் எங்கள் ஆட்கள். மிச்சமிருந்த காம்பராக்களில் படுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பாடசாலை மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு எல்லாரையும் இருத்தினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். நான் முதன்முதலாகப் போனபோது அந்தக் கொட்டகையில் பிறந்த குழந்தை எழுந்து ஓடித் திரிந்தது.

பற்பசை வைத்தியம்

முருகன் படத்தைப் பார்த்தது எனது இரண்டாவது சுற்றில். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முதல் சுற்றுப் போய் எல்லா வீட்டிலும் வட்டம் போட்டிருந்தேன். திரும்பி வந்தபோது வட்டங்களைக் காணவில்லை. பாஸ்மார் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்துவிட்டார்களே என்று மனம் குளிர்ந்துபோனேன். எங்கள் பக்கத்தில் மேசனை ‘பாஸ்’ என்றுதான் சொல்வோம்.

முதல் வீட்டில் வெடிப்பு இருந்த இடத்தை விரலால் தடவினேன். விரலில் புதினா மணந்தது. வெடிப்பைப் பற்பசை வைத்து அடைத்திருந்தார்கள்.

இரண்டாம் வீட்டில் கொட்டகையிலிருந்து ஓர் அலுமாரியைச் சுமந்து வந்து சுவரை மறைத்து வைத்திருந்தார்கள். வேறொரு வீட்டில் ஓர் இளம் தாய் சரியாகப் பூட்டாத ஜன்னலுக்குக் கீழே பாயைப் போட்டுக் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, “இப்பதான் மிஸ் கண்ண மூடிச்சு” என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். குழந்தை கண்ணை முழித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “ஏன் இப்படிச் செய்றீங்க? வட்டம் இருந்தாத்தானே பாஸ் வந்து செஞ்சு தருவாரு?” என்று சத்தம் போட்டேன்.

அந்த இளம் தாய்தான் கடைசியில் வாயைத் திறந்தாள். “சிவப்பு போட்ட காம்பராவுல ஆளு இருக்கக் கூடாதுன்னுதானே மிஸ் அன்னைக்குச் சொன்னாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண் சரிந்த பிறகு அதிகாரிகள் லயத்துக்கு வந்து, ஆபத்தான காம்பராக்களின் கதவில் சிவப்புப் பெயின்டால் அடையாளம் போட்டிருக்கிறார்கள். கதவில் சிவப்பு விழுந்த குடும்பம் அன்றைக்கே கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். அப்படி இறங்கி வந்தவர்களின் புதுச் சுவரில் நான் போய்ச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். கூட்டம் வைத்து விளக்கமாகச் சொல்லியும் இருந்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் திரும்பிப் போனதும் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு துடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வெள்ளைச் சுவரில் சிவப்பு நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர எனக்கு அந்த நிறத்தின் மேல் வேறு பிரியம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நீல சோக்குத்தான் கொண்டுபோனேன்.

எங்கள் அம்மாவின் சட்டிகள்

எனக்கு அவர்கள் மேல் கோபம் நிலைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. நானும் லயத்தில் பிறந்தவள். பசறைப் பக்கம் எங்கள் தோட்டம். எங்கள் காம்பராவின் கூரைத் தகரம் பல இடத்தில் ஒழுகும். மழைக்காலத்தில் அம்மா சட்டி, வாளி, டின் என்று இருப்பதையெல்லாம் தரையில் பரப்பி வைப்பார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தத்தில் தண்ணீர் சொட்டும். நானும் தம்பியும் எந்தச் சட்டி முதலில் நிரம்பும் என்று பந்தயம் கட்டுவோம்.

ஆனால் தோட்டத்து ஆபீசிலிருந்து யாராவது லயத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தால் அம்மா அத்தனை சட்டிகளையும் அடுக்கிப் படுக்கைக்குக் கீழே தள்ளிவிடுவார். தரையைத் துடைத்துக் கோணியைப் போட்டு மூடுவார். “எப்படி இருக்கு காம்பரா?” என்று வந்தவர் கேட்டால், “நல்லா இருக்குங்க” என்பார்.

“ஏம்மா ஒழுகுதுன்னு சொல்லல?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“சும்மா இருடி. இருக்குறதையும் புடுங்கிட்டா எங்க போறது?” என்றார்.

அம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தப் புதுவீட்டில் செல்லம்மாக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. திட்ட வேண்டியவள் பேசாமல் வெளியே போய்விட்டேன்.

வீட்டுக்குப் பின்னால்

வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தேன். முதல் சுற்றில் பின்சுவரின் அடியில் பெரிதாக ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து அம்புக்குறியும் இழுத்திருந்தேன். அந்த வரிசையிலேயே இதுதான் கடைசி வீடு. அதற்குப் பின்னால் மட்டும் மண்மேடு சுவருக்குக் கிட்டத்தில் நின்றது. மேட்டைத் தாங்கக் கல் அணைப்பும், தண்ணீர் ஓடக் கானும் கட்ட வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே உள்ள திட்டம். கான் என்றால் வடிகால். மற்ற வீடுகளுக்கு முடித்தவர்கள் இந்த வீட்டுக்கு வந்ததும் விட்டுவிட்டார்கள்.

வட்டம் இருந்த இடத்தில் இப்போது விறகு அடுக்கியிருந்தது. அழகாக, சுவரோடு சேர்த்து, இடுப்பு உயரத்துக்கு. சில கட்டைகளை இழுத்துப் பார்த்தேன். பின்னால் சுவர் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

பாஸ்மாருக்குத் தலைவர் குணே பாஸ். ஹாலிஎலைப் பக்கத்துச் சிங்களவர், நல்ல வேலைக்காரர், தமிழை அவர் பாட்டுக்கு ஒரு வழியில் பேசுவார். போனில் பிடித்தேன். வெலிமடைப் பக்கம் வேறு வேலைக்கு ஆட்களோடு போய்விட்டிருந்தார்.

“மிஸ், வட்டம் இருந்தா நான் செய்யும். நான் போய்ப் பாத்தது. அந்த வீடு வட்டம் இல்ல, விறகு இருக்கு. அப்ப ஓகேதானே?”

“நான் போட்டோ அனுப்புனேனே பாஸ்?”

“போட்டோல எல்லா வீடும் ஒண்ணுதான் மிஸ். வெள்ளச் சுவர்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. மற்ற வீடுகளில் அழித்த வட்டங்கள் எல்லாம் சில்லறை வேலை. ஒரே ஒரு மேசன் வந்து முடித்துவிட்டுப் போனார். செல்லம்மாக்கா வீட்டுக்குப் பின்னால் செய்ய வேண்டியதற்குக் கல் வேண்டும், லொறி வேண்டும், முழு ஆட்களும் வேண்டும். குணே பாஸ் அங்கே பிடித்த வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்துப் பாதை சேறாகி, கல் லொறி பாதி மலையில் நின்று திரும்பிப் போனது.

தீபாவளிக்கு முன்னால் வரிசையில் எல்லாருக்கும் சாவி கொடுத்தார்கள். கடைசி வீட்டை மட்டும் நிறுத்தி வைத்தேன்.

எந்த வீட்டுக்கு?

இங்கே பெரியசாமி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்லம்மாக்காவின் வீட்டுக்காரர். மூச்சு வியாதிக்காரர். கொட்டகையின் ஈரமும் குளிரும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தன. பதுளை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தார்கள். இனி மருந்துக்கு வேலையில்லை என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா பாத்துக்கங்கன்னாரு டாக்டரு. எந்த வீட்டுக்குன்னு நான் கேக்கல மிஸ்” என்று செல்லம்மாக்கா என்னிடம் சொன்னார்.

பெரியசாமி அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசை. தன் பெயரில் வந்திருக்கிற வீட்டில் படுத்து உயிர் போக வேண்டும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தோட்டத்துக் காம்பராவில் செத்தவர்கள். வேலை இருக்கும் வரைதான் அந்தக் காம்பரா. சொந்தமாக ஒரு வாசல்படி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை. இவருக்கு வாய்த்துவிட்டது. மைதானத்திலிருந்து பார்த்தால் கூரை தெரியும். கொட்டகையின் தகரக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி, படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் கான் வெட்டியே காலம் கழித்தவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மண்ணை அரித்துவிடாமல் குறுக்கே கான் வெட்டுவார்களே, அந்த வேலை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் கிண்டல்தான்.

“இந்த மல பூரா கான் வெட்டுனவன் நானு. எம் வீட்டுக்குக் கான் இல்லேன்னு சாவிய மறிச்சு வச்சிருக்கீங்க. நல்லா இருக்கா மிஸ் நாயம்?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே. மழை விட்டதும் செஞ்சிருவாங்க.”

“நான் எந்திரிச்சு நின்னேன்னா ஒரு பகலு போதும். மம்பட்டிதான் இப்ப என்னயத் தூக்கணும்” என்று சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறும். செல்லம்மாக்கா நெஞ்சைத் தடவிவிடுவார்.

லயத்து ஆட்கள் தாங்களே வெட்டிவிடுவதாக வந்து நின்றார்கள். நான் விடவில்லை. ஈர மேட்டைக் கல் அணைப்பு இல்லாமல் அடியில் வெட்டினால் மேடு வீட்டுக்குள் வந்துவிடும். ஏற்கெனவே ஒரு மலையடியில் இருந்து தப்பி வந்தவர்களை இன்னொரு மேட்டின் அடியில் என் கையெழுத்தைப் போட்டுப் படுக்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

“ரெண்டு நாளைக்காச்சும் கொண்டுபோயி வச்சிட்டுத் திரும்பிக் கூட்டியாந்துர்றேன் மிஸ்” என்று செல்லம்மாக்கா கெஞ்சினார். நான் முடியாது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை உருவிக்கொண்டு வந்து, பஸ்ஸில் பதுளை வரும் வரை அழுதேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் பெருமழை. விட்டதும் போய் அந்த வீட்டைத் திறந்தேன். பின் அறையில் செம்மண் தண்ணீர் தேங்கி நின்றது. மேட்டிலிருந்து ஒரு பாளம் சரிந்து பின்கதவைப் பாதிவரை மூடியிருந்தது. நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அப்படிச் சரியாக இருந்ததில் எனக்கு ஒரு துளி ஆறுதல் கிடைக்கவில்லை. அவரைக் கொண்டுபோய் வைத்திருந்தால் அந்த அறையில்தான் படுக்க வைத்திருப்பார்கள் என்பதைக்கூட நான் யாரிடமும் சொல்லவில்லை.

அழாத பெண்

கார்த்திகை கழிந்து மார்கழிக் குளிரில் பெரியசாமி அண்ணன் கொட்டகையிலேயே போய்விட்டார்.

நான் சாவுக்குப் போனேன். தப்படித்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். புதுவீட்டுச் சாவியைக் கேட்பார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. பால் காய்ச்சாத வீட்டுக்குள் பிணத்தைக் கொண்டுபோக மாட்டார்கள்.

செல்லம்மாக்கா மட்டும் அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து மூங்கில் பாடையின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு சொட்டுக் கண்ணீர் வருதா பாரு”, “கல்லு மனசுக்காரி” என்று எனக்குப் பின்னால் கிசுகிசுத்தார்கள். அழுதிரு என்று அவருடைய அண்ணன்கூட வந்து சொல்லிப் பார்த்தார். பாடையைத் தூக்கினார்கள். அவர் எழுந்து நின்று பார்த்தார், அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரமே மழை விட்டது. லொறி ஏறியது. குணே பாஸ் ஆட்களோடு வந்து கல் அணைப்பையும் கானையும் அழகாகக் கட்டி முடித்தார். பெரியசாமி அண்ணன் போன விஷயம் கேள்விப்பட்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு முன்னால் சாவியைச் செல்லம்மாக்கா கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. பால் காய்ச்சக் கூடாது, வாசலில் கோலம் போடக் கூடாது. கொட்டகையைப் பிரிக்கத் தொடங்கியதால் அவர் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தனியாகப் போய் அந்த வீட்டுக்குள் நுழைந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கேட்டதற்குப் பதில்

கொடுத்த வீடுகளை ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெடிப்பு ஏதும் புதிதாக விழுந்திருந்தால் கட்டியவர்கள் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி வீட்டுக்கும் போகத்தான் வேண்டியிருந்தது. மற்ற எல்லா வீட்டையும் முடித்துக்கொண்டு, இழுத்து இழுத்து, பிற்பகலில் போய்ச் சேர்ந்தேன்.

செல்லம்மாக்கா மலையிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். “வாங்க மிஸ்” என்று வாசல் வராந்தாவான இஸ்தோப்பில் பாய் விரித்தார். நான் உள்ளே போய்ப் பின் அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. வெளியே கானில் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை.

பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு அவரும் எதிரே உட்கார்ந்தார். தானாகவே பேசத் தொடங்கினார்.

“கடசி வரைக்கும் ஒங்களத்தான் ஏசிக்கிட்டுக் கெடந்தாரு மிஸ். ஒங்க முன்னால சிரிப்பாரு, நீங்க அந்தாண்ட போனதும் ஏசுவாரு. அந்தப் பொம்பளைக்கு எம்மேல என்ன கோவம், எல்லாருக்கும் குடுத்துட்டு எனக்கு மட்டும் மறிச்சு வச்சிருக்காளேன்னு.”

“ஏசட்டும்க்கா. பரவாயில்ல.”

“நான் வாயத் தொறக்கல மிஸ். வட்டத்த அழிச்சவ நாந்தான்னு அவருகிட்ட சொல்லவே இல்ல. சொன்னா என்னய ஏசிக்கிட்டே போயிருவாருன்னு பயம். விறக அடுக்குனதும் நாந்தான். படத்த ஒட்டுனதும் நாந்தான்.”

பெரியசாமி அண்ணன் என்னை ஏசிக்கொண்டே போனதுதான் நல்லது என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

செல்லம்மாக்கா அதைக் காதில் வாங்கவில்லை. “ஒண்ணு கேக்கணும் மிஸ். அந்த வட்டத்த நான் அழிக்காம விட்டிருந்தா, அவரு இந்த வீட்டுக்கு வந்திருப்பாரா?”

“மழை அந்தத் தடவை...” என்று ஆரம்பித்தேன்.

“மழைய நான் கேக்கல. எங்க அண்ணன் விதிங்குறாரு. கோயில்ல விதிங்குறாங்க. இந்த வரிசையில எல்லாரும் விதின்னுதான் சொல்றாங்க. நீங்க செவுத்துல மயிருகணக்கா வெடிப்பு இருந்தாலும் வெடிப்புன்னு சொல்ற ஆளு. நீங்க சொல்லுங்க.”

அதில் யோசிக்க எதுவும் இல்லை. நான் வட்டம் போட்ட போது நல்ல வெயில். குணே பாஸும் ஆட்களும் அந்த வரிசையிலேயே வேலையில் இருந்தார்கள். கல்லும் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. வட்டத்தைப் பார்த்திருந்தால் சில நாளில் முடித்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். தீபாவளிக்கு முன்னால் பெரியசாமி அண்ணனையும் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். பால் பொங்குவதைப் பார்த்திருப்பார். மார்கழி வரை இந்த இஸ்தோப்பில் வெயில் காய்ந்திருப்பார்.

இல்லை என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

“வந்திருப்பாருக்கா” என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் என் அம்மாவின் சாவிலும் கேட்டதில்லை. மாரில் அடித்துக்கொண்டு, முடி அவிழ்ந்து, தரையில் புரண்டு அழுதார். நான் அவரைப் பிடித்துத் தூக்கப் பார்த்து, முடியாமல் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கையில் மாவு ஒட்டியிருந்தது. “என்னா மிஸ் ஆச்சு? என்னா சொன்னீங்க அவுங்ககிட்ட?” என்று என்னைப் பிடித்து உலுக்கினார்கள்.

செல்லம்மாக்காதான் அவர்களை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

“எங்க வீட்டுக்காரரு செத்துட்டாருடி.”